சுரைக்காயை ஜூஸாகக் குடிக்காதீர்கள், குன்னி போட்டுச் சமையுங்கள்

தண்டையார்பேட்டைப் பக்கம் முழுசாக ஒரு சுரைக்காயை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், தெரிந்தவர்கள் யாராவது கட்டாயம் கேட்பார்கள், "வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று. சுரைக்காய் என்றாலே பத்தியம், சுகர், பி.பி., டாக்டர் சொல்லியிருப்பார், வேறு வழியில்லாமல் வாங்குகிறார்கள் என்று ஒரு எண்ணம் எப்படியோ படிந்துவிட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. நான் வளர்ந்த வீட்டில் சுரைக்காய் நோயாளிக்கான காயாக இருந்ததே இல்லை. எங்கள் ஆயா சென்னாக்குன்னி, அதாவது காயவைத்த பொடி இறால், போட்டுச் செய்யும் சுரைக்காயை எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் கடைசியாகக் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து உருட்டுவாரே, அந்த உருண்டை யாருக்கு என்று சண்டையே நடக்கும்.

இந்தக் காய்க்கு இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கிறது. ஒரு பக்கம், இது வெறும் தண்ணிக் காய், ருசியே இல்லை என்று ஒதுக்குகிறவர்கள். இன்னொரு பக்கம், இதய அடைப்பு கரையும், கொழுப்பு உருகும், தொப்பை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, காலையில் வெறும் வயிற்றில் பச்சையாக அரைத்துக் குடிக்கிறவர்கள். விடியற்காலையில் ஜனங்கள் நடக்கப் போகிற இடங்களில் பாருங்கள், ஸ்டீல் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், ஒன்றில் அருகம்புல், ஒன்றில் வாழைத்தண்டு, ஒன்றில் சுரைக்காய். நடந்துவிட்டு வருகிறவர்கள் ஒரு டம்ளர் வாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, மருந்து சாப்பிட்ட திருப்தியோடு போகிறார்கள். அவர்களுக்கு உடம்பைப் பற்றி இருக்கிற பயம் நியாயமானது, அந்த அக்கறையும் நல்லதுதான். ஆனால் சுரைக்காயைச் சாப்பிட இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி அதுதான். காரணத்தைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன், முதலில் காய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

100 கிராம் பச்சைச் சுரைக்காயில் 95 கிராமுக்கு மேல் தண்ணீர். மாவுச்சத்து மூன்றரை கிராமுக்குள், எல்லாம் சேர்த்து சுமார் 14 கலோரி. வைட்டமின் சி 10 மில்லிகிராம், பொட்டாசியம் 150 மில்லிகிராம், கொஞ்சம் துத்தநாகம், கொஞ்சம் நார். இவ்வளவுதானா என்று கேட்டால், ஆமாம், இவ்வளவுதான். கீரையில் இருக்கிற அளவு இரும்பு இதில் கிடையாது. பரங்கிக்காய்க்கு அந்த மஞ்சள் நிறத்தைக் கொடுக்கிற பீட்டா கரோட்டினும் இதில் பேருக்குத்தான். வைட்டமின் சி-யிலும் ஒரு பங்கு அடுப்பில் போய்விடும், அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. சத்துகளின் பட்டியலை வைத்துப் போட்டி நடத்தினால் சுரைக்காய் எதிலும் முதல் பரிசு வாங்காது. அது தெரியாமல், அல்லது தெரிந்தும் மறைத்து, இதை அமுதம் மாதிரி எழுதுகிறவர்களால்தான் பிரச்சினையே.

இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: வயிறு நிறையச் சாப்பிடலாம். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள். சோறு குவியலாக, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரே ஒரு கரண்டி பொரியல். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி அளவுக்கு வரும். அந்தச் சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று கரண்டி சுரைக்காய்க் கூட்டை வைத்தால் தட்டு முன்பைவிட நிறைந்து தெரியும், வயிறும் நிறையும், ஆனால் சர்க்கரை ஏறுவது குறையும். சுகர் இருக்கிறவர்களுக்கு சுரைக்காய் நல்லது என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். காய்க்குள் இன்சுலின் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. சோற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் சோற்றையும் குறைக்காமல், மேலே ஒரு டம்ளர் சுரைக்காய் ஜூஸையும் குடித்தால் எந்தப் பலனும் இல்லை.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, கீரையும் சேர்த்து, 400 கிராம் காய்கறி என்று போட்டிருக்கிறார்கள். நான்கு பேர் இருக்கிற வீட்டுக்குக் கணக்குப் போடுங்கள், தினம் ஒன்றரை கிலோவுக்கு மேல் ஆகிறது. பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் என்று வாங்கி இந்தக் கணக்கை முடிக்க, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் வீட்டிலோ தறிப்பட்டறை, லேத் பட்டறை வேலைக்குப் போகிறவர் வீட்டிலோ முடியாது. சுரைக்காயை வைத்தால் முடியும். ஒரு காயே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இருக்கும். கோயம்பேட்டில் வேறு காய்கள் விலை எகிறிக் கிடக்கிற நாளிலும் சுரைக்காய் பெரிதாக ஏறாது, திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் ஆந்திராப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். சத்து பற்றி எழுதுகிறவர்கள் அவகாடோவையும் சியா விதையையும் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு, கையில் இருக்கிற காசுக்கு அதிகக் கிராம் காய் எதில் கிடைக்கும் என்று எழுதவேண்டும் என்பது என் ஆசை.

பி.பி. விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் வீட்டில் நைனாவுக்கு இருப்பதால் இதை நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். சுரைக்காயில் சோடியம் 100 கிராமுக்கு 2 மில்லிகிராம்தான், பொட்டாசியம் அதைவிடப் பல மடங்கு. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்தச் சேர்க்கை நல்லது. ஆனால் காயில் உப்பு இல்லை என்பதற்காக நாம் அதில் அள்ளிப் போடுகிற உப்பு கணக்கில் வராமல் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சாப்பாடு இறங்காத ஊரில் அந்த ஒரு டீஸ்பூன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் எந்தக் காயையும் டாக்டரைக் கேட்டுத்தான் அளவு வைத்துக்கொள்ளவேண்டும். சுரைக்காயில் உருளைக்கிழங்கைவிட பொட்டாசியம் குறைவுதான், ஆனாலும் கேளுங்கள்.

இப்போது வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாக இருப்பார்கள். கரைக்குப் பக்கத்தில் ஃபைபர் படகில் போய்ப் பிடித்து வருகிற மீன்தான் அப்போது கிடைக்கும், அதையும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருவோம். அதே சமயம் வெயில் உச்சியில் நிற்கும், கத்திரி வேறு. தெருவில் நடந்தால் தார் செருப்பில் ஒட்டும். சோறு இறங்காது. அந்த இரண்டு மாதத்துக்கும் எங்கள் தெருக்களில் அடுப்பை ஓட்டுவது கருவாடும், சென்னாக்குன்னியும், அதோடு சேர்கிற சுரைக்காய், கத்தரிக்காய், மாங்காயும்தான். வேர்த்துக் கொட்டுகிற காலத்தில் 95 சதவீதம் தண்ணீராக இருக்கிற காய், மீன் இல்லாத காலத்தில் புரதம் தருகிற காய்ந்த குன்னி. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. கிடைத்ததை வைத்து, ருசி பார்த்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த சமையல்.

அந்தக் குன்னியும் சுரைக்காயும் ஏன் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறது என்றால், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. சுரைக்காயில் புரதம் பெயருக்குத்தான், சுண்ணாம்புச் சத்தும் குறைவு. குன்னியோ முழுக்கப் புரதம், ஓட்டோடு அப்படியே சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகிறது. ருசியிலும் அப்படியே. சுரைக்காய்க்கு என்று அழுத்தமான ருசி கிடையாது, அதனால்தான் அது பக்கத்தில் போடுவதை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. குன்னியின் அந்தக் கடல் வாசம் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் இறங்கிவிடும்.

செய்முறை சுலபம், ஆனால் குன்னியைச் சுத்தம் செய்வதில் அவசரப்பட்டால் எல்லாமே கெட்டது, வாயில் மணல் கடிபடும். ஒரு கைப்பிடி நிறையக் குன்னியை முறத்தில் போட்டு நன்றாகப் புடைக்கவேண்டும். முறம் இல்லையென்றால் சல்லடை போதும். பொடி மணலும் சிப்பித் துண்டும் போனபிறகு வெறும் சட்டியில், எண்ணெய் விடாமல், சின்னத் தீயில் வறுக்கவேண்டும். வாடை மாறி நல்ல மணம் வரும்போது இறக்கி ஆறவிட்டு, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு அலசுங்கள். குன்னி மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். கையால் மேலாக அள்ளித்தான் எடுக்கவேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டினால் அடியில் இருந்த மணலும் கூடவே வந்து சேரும். இரண்டு மூன்று தண்ணீர் இப்படி மாற்றவேண்டும். ஆயா இதைச் செய்யும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது.

அப்புறம் சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு போட்டு, கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு ஏழெட்டுப் பல், நறுக்கிய சின்ன வெங்காயம், வதங்கியதும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூள். அதன்மேல் சுரைக்காய்த் துண்டுகள், அரைக் கிலோ அளவுக்கு. தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்பை முதலில் பாதி மட்டும் போட்டு மூடிவைத்தால் காயே தண்ணீர் விட்டுக்கொள்ளும், அந்தத் தண்ணீரிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். முக்கால் வேக்காட்டில் குன்னியைப் போட்டுக் கிளறி, மறுபடி மூடி, கடைசியில் திறந்துவைத்துச் சுண்டவிட வேண்டும். மாங்காய்க் காலமாக இருந்தால் தக்காளிக்குப் பதில் நாலு துண்டு புளிப்பு மாங்காய். மீதி உப்பை ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், குன்னியிலேயே கொஞ்சம் உப்பு இருக்கும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களும் குன்னியை விட்டுவிட்டுக் கடலைப்பருப்பையோ பாசிப்பருப்பையோ போட்டுக் கூட்டாகச் செய்யலாம், புரதம் அதிலும் இருக்கிறது.

இந்த ஊரில் சுரைக்காயை ஒரே மாதிரி சமைக்கிறவர்கள் யாரும் இல்லை, எனக்கு அதில் ஒரு பெருமை. எங்கள் வரிசையிலேயே தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் உண்டு, அவர்கள் சுரைக்காயை வேகவைத்துப் பால் ஊற்றி இறக்குவார்கள், பச்சை மிளகாய் காரம் மட்டும், சாப்பிட்டால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். ராயபுரத்திலும் மண்ணடியிலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் நெய்ச்சோற்றுக்கோ பிரியாணிக்கோ கூட வருகிற தால்சாவில் எலும்போடும் பருப்போடும் சுரைக்காய் வெந்து கிடக்கும். நபிகள் நாயகம் விரும்பிச் சாப்பிட்ட காய் இது என்று அவர்கள் சொல்வார்கள், ஹதீஸில் அந்தச் செய்தி இருக்கிறது, அதனால் அந்த வீடுகளில் இந்தக் காய்க்கு ஒரு மரியாதையே தனி. சௌகார்பேட்டைக்குள் போனால் கடலை மாவில் பிசைந்து உருட்டிக் கோஃப்தா ஆகிவிடும், துருவிப் பாலில் சுண்டவைத்தால் அல்வா. வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. பர்மாவில் சுரைக்காயை விரல் விரலாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரிப்பது தெருவுக்குத் தெரு உண்டாம், என் சிநேகிதி வீட்டில் அவள் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி இன்றைக்கும் செய்கிறார்கள், வெளியே மொறுமொறு, உள்ளே சாறு. எண்ணெயில் பொரிப்பதால் 14 கலோரி என்ற பேச்சு அங்கே எடுபடாது, எப்போதாவது சாப்பிடுகிற பண்டம் அது.

ஆப்பிரிக்காவில் தோன்றிய கொடி இது. காய்ந்த சுரைக்குடுக்கை பல மாதம் கடலில் மிதந்தாலும் உள்ளே இருக்கிற விதை சாகாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தில் சுமார் 10,000 வருடத்துக்கு முன்பே மனிதர்கள் சுரைக்குடுக்கையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கடலிலேயே மிதந்து போய் அங்கே கரை சேர்ந்திருக்கும் என்று 2014இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. நம் கிராமங்களில் குழந்தைகளுக்கு நீச்சல் பழக்க முதுகில் குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவதும் இதே மிதக்கிற குணத்தால்தான். கடலை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, ஜூஸ். சுரைக்காய், வெள்ளரி, பாகல், பீர்க்கு எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் பூச்சியிடமிருந்தும் ஆடு மாட்டிடமிருந்தும் தப்பிக்கக் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளைத் தயாரிக்கின்றன. பல நூறு வருடமாக விவசாயிகள் கசக்காத காயாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்ததால், நாம் வாங்குகிற சுரைக்காயில் அது மிகக் குறைவு. ஆனால் செடி தண்ணீர் இல்லாமல் வாடினாலோ, வெயில் அளவுக்கு மீறினாலோ, காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்த விதையாக இருந்தாலோ அந்தக் கசப்பு திரும்பவும் ஏறிவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே பச்சை, அதே பளபளப்பு. கசக்கிற சுரைக்காய் விஷம், இதில் சந்தேகமே வேண்டாம். குடித்த கொஞ்ச நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி, வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிப்போவது. இதற்கென்று முறிமருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில் நரம்பில் திரவம் ஏற்றி, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துத்தான் காப்பாற்றுவார்கள்.

2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவைப் போட்டு இதை ஆராய்ந்தது. அவர்கள் சொன்னது எளிமையானது: சாறு எடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டைக் கடித்துப் பார், கசந்தால் தூக்கிப் போடு, சுரைக்காய்ச் சாற்றை வேறு எந்தச் சாற்றோடும் கலக்காதே, குடித்தபின் வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பாகற்காயோடு கலப்பதில் இருக்கிற ஆபத்தைக் கவனியுங்கள், பாகற்காய் கசக்கும் என்று நமக்குத் தெரியும், அதனால் சுரைக்காயின் விஷக் கசப்பும் அதிலேயே மறைந்துவிடும். இஞ்சி, நெல்லிக்காய், புதினா, எலுமிச்சை எல்லாம் போட்டு அரைத்தாலும் இதே கதிதான். வண்டியில் வாங்கிக் குடிக்கிறவருக்கு இந்தச் சோதனை செய்யவே வழி இல்லை. எந்தக் காய், அதைக் கடித்துப் பார்த்தார்களா, எத்தனை காயை ஒன்றாக அரைத்தார்கள், ஒன்றும் தெரியாது. "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்று நினைத்துக் கசப்போடு குடித்து முடிப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வேகவைத்தால் இந்த விஷம் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது, குக்கர்பிட்டாசின் சூட்டைத் தாங்கும். சமையலில் பாதுகாப்பு எங்கே வருகிறது என்றால், நறுக்குகிற கையே ருசி பார்க்கிற கையாகவும் இருக்கிறது. அப்படியும் தப்பிப்போனால், கசக்கிற பொரியலை முதல் வாயிலேயே துப்பிவிடுவோம். ஒரு பெரிய டம்ளர் சாறு மாதிரி மடமடவென்று உள்ளே போகாது. அதோடு, சாற்றை வடிகட்டும்போது இருக்கிற கொஞ்சம் நாரையும் சக்கையாகப் பிழிந்து கொட்டுகிறார்கள். இதய அடைப்பைச் சுரைக்காய் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நெஞ்சு வலி வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பி இருந்துவிடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆசைப்படுகிறேன்.

வீட்டில் செய்யவேண்டியது ஒன்றுதான். காயை நறுக்கியதும், காம்புப் பக்கம் ஒரு துண்டும் நடுவில் ஒரு துண்டும் எடுத்து நாக்கில் வைத்துக் கடியுங்கள். லேசான இனிப்போ, வெள்ளரிக்காய் மாதிரியோ இருந்தால் நல்ல காய். கசப்பு என்று பட்டால் அப்படியே துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், உப்புப் போட்டு ஊறவைக்கிறேன், புளி ஊற்றுகிறேன் என்று காப்பாற்றப் பார்க்காதீர்கள். பீர்க்கங்காய்க்கும் வெள்ளரிக்கும் இதையே செய்யலாம். கசப்பதே இயல்பு என்று நமக்குப் பழக்கமான பாகற்காயின் கசப்பு வேறு பொருள், அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது இளசா இல்லையா என்பது. நாங்கள் எல்லாரும் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்க்கிறவர்கள், நகம் சுலபமாக இறங்கினால் பிஞ்சு. ஆனால் காய்க்கார அக்காவுக்கு அது பிடிக்காது, பிடிக்காமல் போவதும் நியாயம்தான். "நகத்த வெச்சிக் கீறாத கண்ணு, கறுத்துப்பூடும், அப்புறம் யாரு வாங்குவா?" என்று அதட்டுவார். அவரே சொல்லிக் கொடுத்த வழி, காயைக் கையில் தூக்கிப் பார்ப்பது. பார்க்கிற பருமனுக்குக் கனமாக இருக்கவேண்டும், காம்பு பச்சையாக இருக்கவேண்டும், தோலில் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் தட்டுப்பட்டால் அது நேற்று அறுத்த பிஞ்சு. முற்றின காய் லேசாகி, தோல் வெளுத்துக் கட்டையாகிவிடும், விதை பல்லில் மாட்டும். பாதிக் காய் வாங்கினால் விதையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிஞ்சாக இருந்தால் தோலைச் சீவவேண்டிய அவசியமும் இல்லை, நன்றாகக் கழுவினால் போதும். சீவினாலும் தோலை வீசாமல், உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்து வதக்கி அரைத்தால் துவையல் ஆகிவிடும், சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட அருமையாக இருக்கும். மீதி பாதியைத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

மொட்டை மாடியில் கொஞ்சம் இடம் இருக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஆழமான டிரம்மில் மண்ணும் எருவும் கலந்து, துணி காயப்போடுகிற கம்பியைப் பந்தலாக்கிக் கொடியை ஏற்றிவிடலாம். அர்க்கா பஹார் மாதிரி பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரக விதை கிடைத்தால் வாங்குங்கள், தெரியாத காயிலிருந்து எடுத்த விதையில் கசப்பு கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. முதலில் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், கவலைப்படாதீர்கள். பின்னால் குட்டிக் காயோடு வருவதுதான் பெண் பூ. சுரைப்பூ வெள்ளையாக, சாயங்காலம் விரிகிற பூ. எண்ணூர் வரை சிமென்ட் வீடுகளாகிப்போன இந்தப் பக்கத்தில் அந்தி நேரத்துப் பூச்சிகளை நம்பி இருக்கமுடியாது, ஆறு ஏழு மணிக்கு மாடிக்குப் போய் ஓர் ஆண் பூவைக் கிள்ளி அதன் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிவிட்டால் காய் பிடிக்கும். பிடித்ததிலிருந்து இரண்டு வாரத்தில் பறித்துவிடுங்கள், பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் முற்றிவிடும், கொடியும் அடுத்த காயை விடாது. வெயில் நாளில் ஒரு வேளை தண்ணீரும் தவறக்கூடாது, வாடின கொடியில்தான் கசப்பு வருகிறது, வீட்டுக் காய்தானே என்று கடித்துப் பார்க்காமல் விடவும் கூடாது. ஆடி பிறந்ததும் விதையை ஊன்றினால் புரட்டாசியில் முதல் காய் அறுக்கலாம். அந்த மாதம் எங்கள் தெருவில் பாதி வீட்டில் கவுச்சி கிடையாது, அதனால் காய் மிஞ்சினாலும் வீணாகாது, மாடியிலிருந்து இறங்கி வரும்போதே இரண்டு வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.